சாரலில் ஒடியாத வைக்கோல்

இப்போது குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்க்க உட்காருவதற்கு முன்னால் என்னை விசாரணை பண்ணுகிறார்கள். எண்ணெய் எந்தச் செக்கில் ஆட்டினது, எத்தனை நாளான எண்ணெய், நகம் வெட்டியிருக்கிறாயா என்று கேட்கிறார்கள். எல்லாம் கேட்டுவிட்டு மடியிலிருந்து சோப்புக் கட்டியை எடுத்துத் தாங்களே தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போய்விடுகிறார்கள். போகிறவர்கள் சும்மா போவதில்லை. பக்கத்தில் நிற்கிறவனிடம், டில்லியில் புதுச் சட்டம் யோசிக்கிறார்களாம், இனி இந்துக்களும் புருஷன் பெண்டாட்டி வேண்டாமென்றால் கோர்ட்டில் போய்த் தீர்த்துக்கொள்ளலாமாம் என்று பேப்பரில் பார்த்ததைச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். தலைமேல் இத்தனை தண்ணீர் விழும்போது மனுஷன் பேசுகிற பேச்சா அது? சட்டம் வந்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைப்பு. சட்டத்தை எனக்குத் தெரியும். இந்தக் கையால்தான் அதற்கு முதுகு தேய்த்துவிட்டேன்.

என் பெயர் மாடக்கண்ணு. ஊர் இலஞ்சி. முப்பது வருஷமாகப் பேரருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்க்கிறேன். மூன்றாம் வகுப்போடு சரி, எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நான் சொல்லப்போவது இந்த உலகச் சண்டை ஆரம்பிக்கிறதற்கு நாலு வருஷம் முந்தி நடந்தது.

எனக்கு அடுத்த கல்லில் தேய்க்கிறவன் இசக்கியப்பன். தெருவிலும் அடுத்த வீடு. பெண்டாட்டி செத்துப்போனவன். அவனுக்கு ஒரே மகள் பேச்சித்தாய். பதினாறு வயதில் அவளைச் சுந்தரபாண்டியபுரத்தில் சிவனணைந்தபெருமாளுக்குக் கொடுத்தான். மாப்பிள்ளைக்கு வாய்க்கால் பாய்ச்சலில் நஞ்சை உண்டு, ஏர் இரண்டு உண்டு. அடிக்கிற கையும் நீளம். ஐந்து வருஷம் அவள் அங்கே நாற்று நட்டாள், களை பறித்தாள், நெல் குத்தினாள், மாட்டுச் சாட்டையால் அடி வாங்கினாள். பிள்ளை மட்டும் உண்டாகவில்லை. அவன் வேறு பெண் பார்த்தான். அந்தப் பெண் வீட்டார், முதல் தாரத்தைத் தீர்த்துவிட்டு வந்தால்தான் பெண் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஆட்களில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. பெரியவர்கள் நாலு பேர் கூடி உட்காருவார்கள். புருஷன் ஒரு வைக்கோலை எடுத்து இரண்டாக ஒடித்துப் பாதியைப் பெண்டாட்டி கையில் கொடுப்பான். அவள் தாலியைக் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைப்பாள். அவ்வளவுதான். பிறகு அவள் வேறு ஒருவனுக்கு வாழ்க்கைப்படலாம். எவனும் ஒரு சொல் சொல்லக் கூடாது. என் அத்தை ஒருத்தி அப்படிப் போய் ஏழு பிள்ளை பெற்றாள்.

அவர்கள் இலஞ்சிக்கு வரமாட்டோம் என்றார்கள். நாங்கள் அங்கே போகமாட்டோம் என்றோம். கடைசியில் குற்றாலத்தில் ஒரு சத்திரத்தில் கூடினோம். ஆடி மாதம். அந்த வருஷம் சாரல் பதினைந்து நாள் விடவேயில்லை. மலை கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. உடுத்த வேட்டி இடுப்பிலேயே பூசணம் பிடித்தது. எங்கள் ஆட்களுக்குத் தலைவர் ஆவுடைநாயகம். அவர் சொல்லி, வந்த வண்டியில் விரித்திருந்த வைக்கோலில் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார்கள்.

சிவனணைந்தபெருமாள் அதை இரண்டு கையாலும் பிடித்து ஒடித்தான். அது மடங்கியது. திரும்பவும் மடக்கினான். முறுக்கினான். நார் நாராகக் கிழிந்து தொங்கியதே தவிர ஒடியவில்லை.

"என்னவே இது, மாடு மென்ன மாதிரி வருது?" என்றான்.

"மடங்கினாச் செல்லாதுடே. ஒடியணும். சத்தம் நாலு பேரு காதுல விழணும்" என்றார் ஆவுடைநாயகம்.

"ஊரே நனைஞ்சு கெடக்கு, காஞ்ச வைக்கலுக்கு எங்கன போறது?"

"அடுப்புல வாட்டி எடுப்பமா?" என்று நான் கேட்டேன்.

"சத்திரத்துக்காரன் மத்தியானந்தான் அடுப்புப் பத்தவைப்பான். அதுவரைக்கும் இவன் மொகரையப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றாள் பேச்சித்தாய். சுவர் ஓரமாக நின்றவள் அன்றைக்கு வாயைத் திறந்தது அப்போதுதான்.

ஆவுடைநாயகம் எழுந்து மூலையில் கிடந்த விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவினார். "இது ஒடியும். பிடி."

"வாரியக்குச்சியா அண்ணாச்சி?"

"ஒடிக்கதுதாம்வே கணக்கு. ஒடி."

சடக்கென்று ஒடிந்தது. பாதியை அவள் கையில் கொடுத்தான். அவள் தாலியைக் கழற்றித் தட்டில் வைத்தாள். அவன் அதை எடுத்து மடியில் செருகினான். மத்தியானம் சத்திரத்துச் சோறு தின்ற பிறகு பேச்சித்தாய் அந்தப் பாதி ஈர்க்கால் பல்லைக் குத்திவிட்டுத் தூர எறிந்தாள்.

"அஞ்சு வருசத்துல அவன் தந்ததுல இது ஒண்ணுதான் பெரியப்பா உபயோகமா இருந்தது" என்றாள். இசக்கியப்பன்கூடச் சிரித்துவிட்டான்.

தை பிறந்ததும் அவளை முப்பிடாதிக்குக் கட்டிக்கொடுத்தோம். ஆவுடைநாயகம்தான் தாலி எடுத்துக் கொடுத்தார். முப்பிடாதி வில்வண்டிக்காரன், மாமனார் வீட்டோடேயே வந்து இருந்தான். சீசனில் தென்காசி ஸ்டேஷனிலிருந்து ஆட்களைக் குற்றாலத்துக்கு ஏற்றி வருவான். மற்ற மாதங்களில் நெல்லும் விறகும் அடிப்பான். அதிகம் பேசமாட்டான். மாட்டையே அடிக்காதவன். ராத்திரி வண்டி அவிழ்த்ததும் மாட்டின் கழுத்துக் காய்ப்புக்கு என்னிடம் மிஞ்சின எண்ணெயை வாங்கிக்கொண்டு போய்த் தடவுவான். அந்த வீட்டில் கொள்ளுத் துவையலும் சோறும்தான் பெரும்பாலும். ஆனால் சிரிப்புச் சத்தம் என் வீட்டுக்குக் கேட்கும். ஒரு வருஷம் கழிந்து பேச்சித்தாய் வாயும் வயிறுமாக ஆனாள்.

அதுதான் வினை. சிவனணைந்தபெருமாள் கட்டின இரண்டாவது பெண்ணுக்கும் ஒன்றும் உண்டாகவில்லை. களத்தில் நெல் தூற்றுகிற இடத்தில் ஆட்கள் அவனைக் கேட்டிருக்கிறார்கள்: "ஏலே, தரிசுன்னு நீ விட்ட வயக்காடு இலஞ்சியான் கையில வெளையுதாம்லா? அப்பம் வெதைநெல்லுதான் பதரா இருந்துருக்கு." அதைக் கேட்டுவிட்டு அவன் மூன்று நாள் களத்துக்குப் போகவில்லையாம். நாலாம் நாள் வக்கீலைப் பார்க்கப் போய்விட்டான்.

நோட்டீஸ் வந்தபோது இசக்கியப்பன் அதை என்னிடம்தான் கொண்டுவந்தான். நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். நீ என் தாலி கட்டிய மனைவி, உன் வயிற்றிலிருப்பது என் குழந்தை, முப்பிடாதி என்பவன் உன்னை மயக்கி வைத்திருக்கிறான், உடனே வந்து குடித்தனம் நடத்தாவிட்டால் கோர்ட்டில் வழக்கு நடக்கும் என்று போட்டிருந்தது.

பேச்சித்தாய் ஆட்டுரலில் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமல் கேட்டாள்.

"நான் அவன் பொண்டாட்டியா? அப்பம் ஒடிச்சுத் தந்தது என்ன?"

"அதைப் பத்தி இதுல ஒண்ணுமில்ல தாயி."

"அவன் எழுதாம விட்டா நடக்காமப் போயிருமா?"

"வக்கீல்ட்ட கேப்போம்" என்றேன்.

கேட்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. ஆனி ஆடியில் எல்லா ஊர் வக்கீலும் குற்றாலத்துக்கு வந்து கோவணத்தோடு கல்லில் படுப்பார்கள். கோட்டுப் போட்ட வக்கீலை நான் நம்பமாட்டேன். ஆனால் குப்புறப் படுத்து முதுகை ஒருவன் கையில் கொடுத்திருக்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்பது என் எண்ணம். நமசிவாயம் பிள்ளை வருஷா வருஷம் எங்களிடம் தேய்க்கிறவர். நல்ல ஸ்தூல சரீரம். நான் முதுகைப் பிடித்தேன், இசக்கியப்பன் காலைப் பிடித்தான்.

"ஐயா, ஒரு சந்தேகம்."

"நீ தோளைப் பிடிக்கும்போதே நெனைச்சேன். கேளு."

"கோர்ட்டுல போயி, இவன் வேண்டாம், இவ வேண்டாம்னு தீர்த்து வாங்கலாமா?"

"முடியாது. சர்ச்சுக்குப் போற வேதக்காரங்களுக்கு உண்டு, சாயபுமாருக்கு உண்டு. நமக்கு அப்படி ஒரு சட்டமே கெடையாது. ஒரு தடவை கெட்டினாக் கெட்டினதுதான்."

"போட்டு அடிச்சா?"

"அடிச்சாத் தனியா இருக்கலாம். சோத்துக்கும் துணிக்கும் அவன்ட்ட கேட்டு வாங்கலாம். இருந்தாலும் பொண்டாட்டிதான்."

"அவன் இன்னொருத்தியக் கெட்டிக்கிட்டானே ஐயா" என்றான் இசக்கியப்பன்.

"கெட்டட்டும். ஆம்பள பத்து கெட்டினாலும் குத்தமில்ல."

"எம் மகள் ஒண்ணு கெட்டினா?"

"முதல் கல்யாணம் நிக்குதுன்னு வந்தா, ஜெயிலு."

இசக்கியப்பன் கை நின்றுவிட்டது.

"தேயும்வே, காலு குளிருது" என்றார் வக்கீல். பிறகு அவரே சொன்னார். "பயப்படாதே. ஒங்க ஆளுகளுக்குத்தான் பழைய வழக்கம் இருக்கே. ரெண்டு பேரும் சம்மதிச்சு, வழக்கப்படி நாலு பேரு முன்னால பிரிஞ்சதுன்னு ரூபிச்சா கோர்ட்டு ஒத்துக்கிடும். வழக்கத்துக்கு அவ்வளவு மரியாதை உண்டு."

"ரூபிக்காட்டா, பிள்ளை?" என்று நான் கேட்டேன்.

"கல்யாணம் நிக்கும்போது பொறந்த பிள்ளை புருசன் பிள்ளை. அது சட்டம்."

"அவன் மூஞ்சியவே அவ ரெண்டு வருசமாப் பாக்கலையே!"

"பாக்க வழியே இல்லைன்னு நீ காட்டணும். இலஞ்சிக்கும் சுந்தரபாண்டியபுரத்துக்கும் எம்புட்டுத் தூரம்? ஏழு மைலு. அருவிக்குக் குளிக்க வந்தேன், வந்த எடத்துல பாத்தேன்னு அவன் சொன்னா நீ என்ன செய்வே?"

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. கேஸ் பேச்சித்தாய்க்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காக.

கேஸ் எடுத்துக்கொண்ட பிறகு நமசிவாயம் பிள்ளை எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு நடந்ததைக் கேட்டார். விளக்குமாறு என்றதும் இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்து முடிந்ததும் முகம் மாறிப்போயிற்று.

"இதைக் கோர்ட்டுல சொன்னா சிரிப்பாச் சிரிப்பான். வழக்கம்னா வைக்கோல். வைக்கோல்னே எல்லாரும் சொல்லிருங்க. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

"நடந்தது அது இல்லையே ஐயா" என்றேன்.

"நடந்ததைச் சொல்லவா கோர்ட்டுக்குப் போறோம்? செல்லுததைச் சொல்லணும்."

ஆவுடைநாயகமும் அன்றைக்குச் சத்திரத்தில் கூட உட்கார்ந்திருந்த மற்ற இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. என்னைச் சாட்சியாகப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். "இந்த ஆளு வாய்க்குக் கதவு கெடையாது" என்றாராம்.

ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. அடைமழை. முப்பிடாதி நனைந்துகொண்டே போய் மருத்துவச்சியை வண்டியில் ஏற்றி வந்தான். அப்புறம் பத்து நாளும் உளுந்தங்களிக்குக் கருப்பட்டி தட்டிப்போட்டு அவனே கிண்டினான். பிள்ளையைத் துண்டில் வாங்கி என்னிடம் காட்டினான்.

"மூக்கப் பாரும் மாமா. எங்க அம்மை மூக்கு."

"கோர்ட்டுல மூக்கப் பாக்கமாட்டாவளா பெரியப்பா?" என்று உள்ளேயிருந்து பேச்சித்தாய் கேட்டாள்.

"பொட்டப்பிள்ளைன்னு தெரிஞ்சா விட்டுருவான்" என்றான் இசக்கியப்பன்.

அவன் விடவில்லை. பெண்ணோ ஆணோ, என் பெயரைச் சொன்னால் போதும் என்று சொல்லி அனுப்பினான். அந்தக் களத்துப் பேச்சு அவனை அப்படிக் கடித்திருந்தது.

கேஸ் இழுத்து அடுத்த ஆனிக்கு வந்தது. சாட்சி விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது கழுத்துப் பிடிப்பென்று ஒருவர் என் கல்லுக்கு வந்தார். தலை திரும்பவில்லை. வக்கீல் என்று கூட வந்தவர் சொன்னார். எந்த ஊர், யாருக்கு வக்கீல் என்று நான் கேட்கவில்லை. மூன்று நாள் தேய்த்தேன். மூன்றாம் நாள் கழுத்து இளகியது. எனக்கு நமசிவாயம் பிள்ளை சொன்னது முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு வக்கீலை நம்பாதே, இரண்டாவது ஆளையும் கேள் என்று மனசு சொன்னது.

"ஐயா, ஒரு சந்தேகம். வைக்கல் ஒடிச்சுப் பிரியுத வழக்கத்துல, வைக்கல் நனைஞ்சு ஒடியாம, பதிலுக்கு வாரியல் ஈர்க்க ஒடிச்சாச் செல்லுமா?"

"செல்லும். ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பெரியவங்க முன்னால பிரிஞ்சாங்களான்னுதான் பார்ப்பாங்க. எதை ஒடிச்சா என்ன?"

நான் கழுத்தை அழுத்திக்கொண்டே கேட்டேன். "அப்பம் எதுக்கு எங்க வக்கீலு மட்டும் வைக்கல்னே சொல்லுங்கன்னு சாட்சிக்குப் படிச்சுக் குடுக்காரு?"

என் கட்டைவிரலுக்குக் கீழே அவர் கழுத்து நரம்பு ஒரு தரம் விறைத்தது. பிறகு இளகிவிட்டது.

"அப்படியா சொன்னார்? எந்தக் கேஸு?"

சொன்னேன். சத்திரம், சாரல், மூலையில் கிடந்த விளக்குமாறு, யார் யார் இருந்தது, எல்லாம் சொன்னேன். "நல்லாத் தேய்க்கே" என்று சொல்லிவிட்டு எழுந்து அருவிக்குப் போனார்.

விசாரணைக்கு முந்தின நாள் எனக்குச் சம்மன் வந்தது. சிவனணைந்தபெருமாள் பக்கத்துச் சாட்சி என்று போட்டிருந்தது. கோர்ட்டில் அந்தக் கழுத்து, கறுப்புக் கோட்டுக்கு மேலே நேராக நின்றுகொண்டிருந்தது. அவர்தான் அவன் வக்கீல்.

ஆவுடைநாயகம் கூண்டில் ஏறினார். வைக்கோல் என்றார். அந்த வக்கீல் மெதுவாகக் கேட்டார்.

"அன்னைக்குச் சாரலா?"

"ஆமா எசமான், பேய்ச் சாரல்."

"எத்தனை நாளா?"

"பதினைஞ்சு நாளா விடல்ல."

"வைக்கோல் எங்கேருந்து எடுத்தீங்க?"

"வண்டியில விரிச்சிருந்தது."

"அது சடக்குன்னு ஒடிஞ்சுதா?"

"சடக்குன்னு ஒடிஞ்சுது எசமான்."

கோர்ட்டில் இருந்தவர்களில் பாதிப் பேர் வயலில் பாடுபடுகிற சம்சாரி, நனைந்த வைக்கோலைத் தெரிந்தவர்கள். பின்னால் எவனோ சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆவுடைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார். அடுத்த இரண்டு பேரும் அதே சடக்கைச் சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். பேச்சித்தாய் சன்னல் பக்கம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு நின்றாள். நான் பொய் சொல்லியிருக்கலாம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சத்தியம் வாங்கிக்கொண்டு, எதிரே நிற்கிறவன் நான் சொன்னதையே என்னிடம் கேட்கும்போது என்ன சொல்வது?

"எதை ஒடிச்சாங்க?"

"வாரியல் ஈர்க்கு."

"வைக்கோல்னு சொன்ன மூணு பேரும் பொய் சொன்னாங்க. அப்படித்தானே?"

"ஒடிச்சது நெசம் எசமான். பாதியக் கையில குடுத்தது நெசம். தாலிய அவன் வாங்கி மடியில சொருகினது நெசம்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. வைக்கோல்னு சொன்னது பொய்தானே?"

"பொய்தான். ஆனா..."

அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் நடந்ததுதான் எனக்கு இன்னமும் ஆறவில்லை. நமசிவாயம் பிள்ளை எழுந்தார். நான் சொன்னதை அவர் பிடித்துக்கொண்டிருந்தால், தீர்த்துவிட்டது உண்மை என்று என் வாயாலேயே கோர்ட்டுக்குக் காட்டியிருக்கலாம். அவருக்குத் தன்னுடைய மூன்று சாட்சியைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

"எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நீ மூணு நாள் எண்ணெய் தேய்ச்சியா?"

"தேய்ச்சேன்."

"அவர்ட்ட இந்தக் கேஸைப் பத்திப் பேசினியா?"

"பேசினேன். ஆனா அவரு யாருன்னு..."

"இந்த ஆள் அவங்க கைக்குப் போயிட்டான். இவன் சொல்லுதது ஒண்ணையும் நம்பக் கூடாது" என்று நீதிபதியிடம் சொன்னார்.

நீதிபதி அப்படியே செய்தார். புரட்டாசியில் தீர்ப்பு. மூன்று பேர் பொய் சொன்னது வெளிப்பட்டுவிட்டது. நாலாவது ஆளான என்னைக் கூப்பிட்டவர்கள் அந்தப் பொய்யைக் காட்டுவதற்கு மட்டும்தான் கூப்பிட்டார்கள். பேச்சித்தாய் பக்கத்தாரோ நானே பொய்யன் என்கிறார்கள். ஆகையால் யாரும் எதையும் ஒடித்ததாக ருசுவாகவில்லை. பேச்சித்தாய் சிவனணைந்தபெருமாளின் மனைவி. அவள் போய்க் குடித்தனம் நடத்த வேண்டியது.

கோர்ட்டு வாசலில் அந்தக் கழுத்து வக்கீல் என்னைத் தாண்டிப் போனார். "கல்லுல படுத்துக்கிட்டுச் செல்லும்னு சொன்னீங்களே ஐயா" என்றேன்.

"சொன்னது சரிதான். ஒங்க ஆளுங்க மூணு பேரும் உள்ளதைச் சொல்லியிருந்தா நான் தோத்திருப்பேன்" என்றார். "நானா ஒன்னைக் கேட்டேன்? நீயாத்தானே சொன்னே?"



நமசிவாயம் பிள்ளை அப்பீல் என்றார். திருநெல்வேலிக்குப் போகலாம், நாலைந்து வருஷம் ஆகும் என்றார்.

"அதுவரைக்கும் எம் மகளக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போவாவளா?" என்று இசக்கியப்பன் கேட்டான்.

"பொம்பளையை இழுத்துட்டுப் போகக் கோர்ட்டு ஆளு வராது. அவ பேர்ல சொத்து இருந்தா ஜப்தி பண்ணுவாங்க. அதுவும் அவளுக்கு இல்ல."

"அப்பம் இங்கனயே இருக்கட்டும்."

"இருக்கட்டும். முப்பிடாதி உள்ள போவான். அடுத்தவன் பொண்டாட்டியை வச்சிருந்தா அஞ்சு வருசம். புருசன்காரன் ஒரு மனு எழுதினாப் போதும்."

சிவனணைந்தபெருமாளும் அதையேதான் சொல்லி அனுப்பினான். ஐப்பசி பிறப்பதற்குள் பிள்ளையோடு வந்துவிட்டால் மனு இல்லை. வராவிட்டால் மறுநாளே மனு.

முப்பிடாதி செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம் என்றான். அது ராஜா சீமை, வேறு ராஜ்யம். மலையைத் தாண்டிப் புனலூர்ப் பக்கம் வண்டியடித்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றான். அதிகம் பேசாதவன் அன்றைக்குப் பேசிக்கொண்டே இருந்தான்.

"அங்கயும் வாரண்டு வருமாம். வக்கீலு சொன்னாருல்லா" என்றாள் பேச்சித்தாய்.

"வந்தா அன்னைக்குப் பாத்துக்கிடுவோம்."

"ஒங்களக் கொண்டுபோன பெறகு, பிள்ளையவும் என்னையவும் யாரு பாப்பா? அவந்தான் வந்து கூட்டிட்டுப் போவான். இப்பமே போனா நீங்களாவது வெளிய இருப்பீக."

"ஏட்டி, அவன் ஒன்னைக் கொன்னுருவாம்ட்டி."

"கொல்லமாட்டான். பிள்ளைக்குப் பாலு யாரு குடுப்பா? நாலு பேருக்குக் காட்ட அவனுக்குப் பிள்ளை வேணும்."

இசக்கியப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் உள்ளே போனால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். தீர்ப்பான நாளிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த சீசனில் கல்லையும் மாற்றிக்கொண்டான்.

புரட்டாசி கடைசி வெள்ளிக்கிழமை அவள் கிளம்பினாள். வேறு வண்டி பிடிக்கிறேன் என்று ஆவுடைநாயகம் சொன்னார். முப்பிடாதி கேட்கவில்லை. "கண்டவன் வண்டியில எம் பிள்ளைய ஏத்தமாட்டேன்" என்றான். தானே மாட்டைக் குளிப்பாட்டினான். தானே பூட்டினான். உள்ளே சாக்கை விரித்து, அதன்மேல் தன் போர்வையை நாலாக மடித்துப் போட்டான். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. பிள்ளை மட்டும் மாட்டைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தது. அதற்கு ஒரு வயது நிரம்ப இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

நான் தெருமுனையில் நின்றேன். வண்டி என் பக்கத்தில் வந்ததும் பேச்சித்தாய் நிறுத்தச் சொன்னாள். இறங்கி வந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"பெரியப்பா, நீங்க நெறைய வக்கீல்ட்ட கேட்டிருக்கீக. ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

"என்ன தாயி?"

"அவன் செத்துப்போனா நான் இவுகளுக்கு மறுபடி வாழ்க்கைப்படலாமா? அப்பமும் கோர்ட்டு குறுக்க வருமா?"

அவள் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள். எனக்கு அதற்குப் பதில் தெரியும். ஒரு வருஷம் எவரோ ஒரு வக்கீலுக்கு இடுப்புப் பிடித்துவிடும்போது கேட்டு வைத்திருந்தேன்.

"கட்டலாம். புருசன் செத்தவ கட்டிக்கிடுததுக்குச் சட்டம் உண்டு. ரொம்பக் காலமா உண்டு."

"ஒடிக்க எல்லாம் வேண்டாமா?"

"ஒண்ணும் வேண்டாம்."

"அப்பம் சரி" என்றாள்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். முப்பிடாதி திரும்பிப் பார்க்கவில்லை. நாக்கைத் தட்டினான். மாடு நடந்தது. தென்காசி ரோட்டில் வண்டி கிழக்கே திரும்புகிறவரை பிள்ளையின் கை வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

ஆவுடைநாயகம் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீரு உள்ளதைத்தாம்வே சொன்னீரு. அதுல ஒமக்குப் பாவம் இல்ல" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பிள்ளைக்குத் தகப்பன் பேருன்னு ஒண்ணு ஆச்சு. போகப் போக அவனும் மாறிருவான். எல்லாம் நல்லதுக்குத்தான்னு வச்சுக்கிடும்" என்றார்.

அந்த நல்லது எதுவென்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மலைப் பக்கம் நடந்துவிட்டேன்.